தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது

சார்லட்டவுன் ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளத்தில்
பழைய பேரேடுகளை ஸ்கேன் செய்வது என் வேலை.
பக்கத்துக்குப் பதினொரு நொடி.
படிப்பதற்குச் சம்பளம் இல்லை.
படித்தேன்.

ட்ரம்கீல் மாளிகை, மொனஹன், அயர்லாந்து.
உடையவர் சர் ஹெர்க்யூலிஸ் டேன்வர்ஸ்.
நாற்பத்திரண்டு ஜன்னல்கள்;
கண்ணாடி மாற்றிய செலவுக்கென்றே தனிப் பத்தி.
இந்தத் தீவில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை.
ஆனாலும் இங்கே இருபதாயிரம் ஏக்கர் அவருக்கு.
லண்டனில் ஒரு பிற்பகல்
சீட்டுக் குலுக்கித் தீவைப் பங்கு போட்டபோது
தாத்தாவின் கை நல்ல கை.

ஓவன் மெக்கார்வில் அந்த மாளிகையின் குடியானவன்.
மூன்று தவணை பாக்கி.
கூரையைப் பிரித்துவிட்டார்கள்,
மழை மீதியைப் பார்த்துக்கொண்டது.
கப்பலில் ஏழு வாரம்.
இறங்கி மரம் வெட்டினான், வேர் பறித்தான்,
முதல் ஓட்ஸ் பால் பிடிக்கும் முன்னே
குதிரையில் வந்த ஏஜென்ட் ஒரு தாளை நீட்டினான்.
ஓவனுக்கு எழுத்துத் தெரியாது.
வாசிக்கக் கேட்டான்.
டேன்வர்ஸ்.

கடலைத் தாண்டியவன்
வேலியைத் தாண்டவில்லை.

குத்தகைக் காலம்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வருடம்.
ஆயிரமாக்க ஒன்றுதானே குறைவு என்று
யாராவது சிரித்திருப்பார்களா அந்த அறையில்?
மதிய இடைவேளையில் கூட்டிப் பார்த்தேன்:
2838-இல் முடியும்.
என் சாண்ட்விச் அதற்குள் காய்ந்துவிட்டது.

அவன் பெருக்கல் குறி போட்டான்.
கீழே ஹொனோரா, மனைவி, இன்னொரு குறி,
கொஞ்சம் அழுத்தி;
மை அடுத்த பக்கத்திலும் ஊறியிருக்கிறது.

1843, நவம்பர்:
பசு ஒன்று, வெள்ளை நெற்றி, பாக்கிக்கு ஜப்தி.
அதே மாதம், மாளிகைக் கணக்கில்:
மயில் ஒரு ஜோடி, கூண்டு உட்பட.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது
மலிவான தந்திரம், தெரியும்.
ஆனால் தைத்தவன் நானல்ல.
ஒரே நூல், ஒரே கட்டு.

பிறகு பல வருடம் எண்கள் மட்டும்.
ஓவன் பெயருக்கு நேரே ஒரு கோடு.
விதவை என்று ஒரு சொல்.

1865-இல் ஏஜென்டின் கடிதம், கோபமான கையெழுத்து:
"வீட்டுக்கு வீடு தகரக் கொம்பு வைத்திருக்கிறார்கள்.
ஷெரீஃபின் தொப்பி தெரிந்தால் ஊதுகிறார்கள்.
அவர் குதிரையைவிடச் சத்தம் வேகமாகப் போகிறது.
போய்ச் சேர்ந்தால்
மாடு காட்டில், ஆண்கள் கையில் கம்பு,
வீட்டில் ஒரு பூனை."
இணைப்பாக, அபராதப் பட்டியல்.
ஏழாவது வரி:
ஹொனோரா மெக்கார்வில், விதவை.
குற்றம்: ஊதியது.

அந்தப் பக்கத்தை இரண்டு முறை ஸ்கேன் செய்தேன்.
மேற்பார்வையாளரிடம் வெளிச்சம் சரியில்லை என்றேன்.

நிலம் பத்து வருடத்தில் கைமாறியது,
சட்டப்படி, பணம் கட்டி.
தாங்களே திருத்திய காட்டைத் தாங்களே வாங்கினார்கள்.
மாளிகையை 1921-இல் ஓர் இரவு எரித்தார்கள்.
இங்கே கிடந்ததால் பேரேடு பிழைத்தது.

என் வீட்டுக்கார அம்மா கொரின் மெக்கார்வில்
போன வருடம் அங்கே போய்வந்தாள்.
"இரண்டு வாசல் தூண் மட்டும் நிற்குது.
விருந்து மண்டபத்தில மாடு மேயுது," என்றாள்.
நெற்றி என்ன நிறம் என்று கேட்க வாய் வந்தது.
அவள் ஒரு படிவத்தை நீட்டினாள்,
அரசு அனுமதித்த அளவுதான், மூன்று சதவீதம்,
கூடவே சூடாக ஒரு டப்பா மீன் சூப்.
நல்லவள். உப்புதான் எப்போதும் தூக்கல்.

என் அறைக்கு ஒரே ஜன்னல், தரைமட்டத்தில்.
குளிர்காலத்தில் அதில் பனிதான் தெரியும்.
முதல் தேதி இரவு வாடகையை அனுப்பினேன்.
போய்ச் சேர்ந்ததென்று
போன் சின்னதாக ஒரு ஒலி எழுப்பியது.

யாரும் ஓடி வரவில்லை.