நான்காவது வரி

"இன்னும் சர்க்கரை இல்லீங்க அம்மிணி,
பார்டர்ல நிக்குது" என்றார்
கோபி ஆஸ்பத்திரி டாக்டரம்மா.
பார்டர் என்றால் எனக்குப் புடவையில்தான் தெரியும்.
ஆறு புள்ளி ஒன்று.
மடியில் இதழினி, நாலு மாதம்,
ரிப்போர்ட்டின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

வயிற்றில் அவள் இருக்கும்போதே வந்தது.
பெற்றதும் போய்விடும் என்றார்கள்.
போனது,
செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிட்டு.

கவுந்தப்பாடிக்கு மேற்கே எங்கள் ஆலை.
கொப்பரை கொதிக்கிற மாதங்களில்
கொடியில் காயும் துணிகூட இனிக்கும்.
தொட்டில் சேலையில் எறும்பு.
இந்த வீட்டில் உட்கார்ந்துதான்
நான் தட்டில் கோடு கிழிக்கிறேன்:
ஒரு பாதி பீர்க்கங்காயோ அவரையோ,
மறுபாதியில் கொள்ளுப் பருப்பு,
மிச்ச மூலையில் சோறு.

அரிசியும் பருப்பும் ஆக்குகிற நாளில்
கோட்டை எங்கே போடுவது?
இரண்டும் ஒன்றாய் வெந்து கிடக்கிறதே.
அதைக் குறைத்து இதைக் கூட்டி வைத்தேன்.
சிவநேசன் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு
"இது பருப்பும் அரிசியுமா?" என்றார்.

பசியைப் பற்றி
அந்த டயட் தாளில் யாரும் எழுதித் தரவில்லை.
ராத்திரி இரண்டரைக்குப் பால் கொடுத்துவிட்டு எழுந்தால்
சுவரைக் கடித்துத் தின்றுவிடலாம் போலிருக்கும்.
வறுத்த கடலை ஒரு பிடி.
அவித்த முட்டை.
இருட்டில் மோர்.
ஒரு நாள், சொல்லிவிடுகிறேன்,
மூன்று அச்சு வெல்லம்,
அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று.

விரல் குத்துகிற மெஷின் தம்பி வாங்கித் தந்தது.
ராகிக் கூழுக்கு நூற்று எழுபத்து மூன்று.
அதை நான் ரொம்ப நம்பியிருந்தேன்.
அப்புறம் வீட்டுக் காபி, பெரிய டம்ளர்,
எங்கள் நாட்டுச் சர்க்கரை மூன்று ஸ்பூன்,
"இது ஒண்ணும் பண்ணாது கண்ணு,
மருந்து போடாத சரக்கு" என்று
மாமியார் மயிலாத்தாள் நீட்டியது.
ஒரு மணி நேரம் கழித்து நூற்று ஐம்பத்திரண்டு.
மறுநாள் அதே அளவு கடைச் சீனி:
நூற்று ஐம்பத்து நாலு.
மெஷினுக்கு ஊர்ப் பாசம் கிடையாது.

அன்று சாயங்காலம் பேக்கிங் ரூம்.
பிள்ளை தூங்குகிற நேரத்தில்
லேபிள் ஒட்டுவது என் வேலை.
பெயர், எடை, விலை.
நான்காவது வரி:
'சர்க்கரை நோயாளிகளும் பயமின்றி உண்ணலாம்.'
இரண்டு வருஷமாக ஒட்டுகிறேன்.
கோணாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்,
வாசித்ததில்லை.

கத்தரிக்கோல் எடுத்தேன்.
அந்த வரி கடைசியில் இருந்தது சௌகரியம்.

சிவநேசன் வந்து நின்றார்.
"மூவாயிரம் அடிச்சு வெச்சிருக்குது."
"தெரியுமுங்க."
"எல்லாருந்தான் போடறாங்க."
"அதுவுந் தெரியுமுங்க."
டெம்போ சாவியைக் கொஞ்ச நேரம் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.
"ஓடலைன்னா?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
வெட்டிக்கொண்டே இருந்தேன்.
அவர் போகவும் இல்லை,
இன்னொரு கத்தரிக்கோல் தேடவும் இல்லை.

மயிலாத்தாள் பாக்கெட்டுகளை நகர்த்திவிட்டு
எதிரே உட்கார்ந்தாள்.
தரையில் சிதறிய துண்டுகளில் ஒன்றை
எட்டப் பிடித்து எழுத்துக் கூட்டினாள்.
ப-ய-மி-ன்-றி.
தண்ணீர்ச் சொம்பை இழுத்து
மறுபடி குடித்தாள்.
பிறகு பாகு சுட்ட தழும்பு உள்ள
அந்த விரலை நீட்டி
"எனக்கும் ஒருக்கா குத்து, பாக்கலாம்" என்றாள்.

ஊசியை மாற்றினேன்.
தடித்த தோல், இரண்டு தரம் குத்த வேண்டியிருந்தது.
ஒரு சொட்டு.
மெஷின் ஐந்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கியது.
நாலு.
மூணு.
உள்ளே தொட்டிலில்
இதழினி விழித்துக்கொண்டாள்.