மூன்றாவது குட்டி

வியாழக்கிழமை விடிகாலையிலிருந்து
கோணக்காதி கத்திக்கொண்டே இருந்தாள்.
வால் ஒரு நிமிஷம் நிற்கவில்லை.
வைத்த அகத்திக்குழையை முகர்ந்து பார்த்து
ஏதோ நான்தான் குற்றவாளி என்பதுபோல்
திரும்பிக்கொண்டாள்.
பயிருக்கு வந்திருக்கு என்றார் சவேரி.
அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமா,
எருத்தேம்பதி முழுக்கக் கேட்டிருக்கும்.

கிடாய் இருப்பது செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்,
பழனாத்தாள் தோட்டத்தில்.
தலைச்சேரிக் கிடாய். தலைச்சேரி எங்கள் பக்கம்;
அது பிறந்ததோ கிணத்துக்கடவில்.
மலையாளம் ஒரு சொல் கேட்டதில்லை.
தாடியில் சொந்த மூத்திர வாடை,
மேலுதட்டைச் சுருட்டி வானம் பார்க்கும்
பெரிய மனுஷத் தோரணை.
இருநூறு ரூபாய். பலிக்காவிட்டால்
அடுத்த தடவை காசில்லை.
இருபத்தொரு நாளில் மறுபடி கத்தினால் கூட்டிட்டு வா
என்றாள் பழனாத்தாள், நோட்டை எடுத்தபடி.

கூட்டுறவுச் சங்கத்தின் பழைய டைரி அது.
எந்த ஆடு, யார் ஆடு, என்ன தேதி.
போன வருஷத்துப் பெட்டைகள் சிலவற்றுக்கு நேரே
சிவப்பில் ஒரு பெருக்கல்குறி:
அவை இவன் மக்கள், இவனிடம் வரக்கூடாது.
கிடாய்க்கு முறை தெரியாது என்றாள்,
நமக்குத்தான் தெரியோணும்.

திரும்பும்போது கோபாலபுரத்தில் ஆட்டோவை நிறுத்தினார்கள்.
டார்ச் அடித்து, வாயைத் திறந்து பார்த்து,
பதிவேட்டில் எழுதினார்: ஆடு, ஒன்று.
கையெழுத்துப் போட்டேன்.
ஒன்றுதானா என்று
எனக்கும் அப்போது தெரியாது.

ஆடு என்னுடையதல்ல. அதைச் சொல்லிவிட வேண்டும்.
கொழிஞ்சாம்பாறை ரெஜினா டீச்சர்
வாங்கி விட்டது, வாரத்துக்கு.
தீனி என்னுடையது, பரணும் புழுக்கையும் என்னுடையவை,
மழை ராத்திரியில் முழிப்பும்.
குட்டி ஆளுக்குப் பாதி.
இரட்டை என்றால் கணக்கு எளிது.

நூற்று நாற்பத்தெட்டாம் நாள்,
கணவாய்க் காற்று கூரைத் தகரத்தைத் தட்டிய இரவு,
முதலில் ஒரு பெட்டை, கறுப்பு.
பிறகு ஒரு கிடா.
சவேரி தவிட்டுத் தண்ணீர் காய்ச்சப் போனார்.
இளங்கொடி விழும் என்று நான் காத்திருந்த இடத்தில்
மூன்றாவது வந்தது,
பின்னங்கால் முன்னால், நனைந்த துண்டு மாதிரி.
மூக்கை உறிஞ்சித் துப்பினேன். வைக்கோலால் தேய்த்தேன்.
ஆட்டுக்கு இரண்டே காம்பு,
இரண்டையும் இரண்டு பிடித்திருந்தன.
மருந்துக்கடை பாட்டில், ரப்பர் காம்பு,
இரண்டு மணிக்கொரு தடவை.
அது என் கட்டைவிரலையும் குடித்தது.

டீச்சருக்குப் போனில் சொன்னேன்: ரெண்டு.

சொல்லும்போது ஒன்றும் தோன்றவில்லை.
வைத்த பிறகுதான் காது சுட்டது.

ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்துவிட்டார்.
மூன்றாவதைக் கோழிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து
மேலே சாக்குப் போட்டேன்.
டீச்சர் பெட்டையைத் தூக்கினார்,
கிடாவின் தொப்புளைப் பார்த்தார்,
மருந்து வச்சியா என்றார். காப்பி குடித்தார்.
அப்போதுதான் பஞ்சாரம்
ம்ம்மே என்றது.

கோழிக்கு ஜலதோஷம் என்று
சவேரி சொல்லியிருக்க வேண்டாம்.

டீச்சர் எழுந்து போய்ச் சாக்கை நீக்கினார்.
ரொம்ப நேரம் குனிந்தே நின்றார்.
முப்பது வருஷம் வருகைப்பதிவு எடுத்தவர்.
பால் குடிக்குதா?
புட்டியில குடிக்குது.
யார் குடுக்கறது?
நான் வாய் திறக்கவில்லை.
பாட்டில் என் மடியில்தான் இருந்தது.
செருப்பை மாட்டிக்கொண்டு
பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எனக்கென்று விட்டாரா, பாதி கேட்பாரா,
இனி ஆடே தரமாட்டாரா, தெரியவில்லை.
அன்று ராத்திரி நானும் ஒரு நோட்டுப் போட்டேன்.
பெட்டை, கிடா இரண்டையும் பேனாவில் எழுதினேன்.
மூன்றாவதைப் பென்சிலில்.
தாய்: கோணக்காதி. அப்பன்: பழனாத்தாள் கிடாய்.
உடையவர் என்ற கட்டத்தில்
பென்சில் முனையை வைத்து
எடுத்துவிட்டேன்.
வெளியே அது கத்தியது.
மணி ரெண்டு.