குழாய் பார்ப்பவள்

கடலுக்கடியில் அவனுக்கு மூச்சு கொண்டுபோகும் குழாய்
மஞ்சள் நிறம்.
படகில் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருக்க
அந்தக் குழாயை உள்ளங்கையில் ஓடவிட்டபடி
உட்கார்ந்திருப்பது என் வேலை.
ஒரு இழுப்பு: நில்.
இரண்டு: தூக்கு.
எந்த இழுப்பும் இல்லாத நேரம்தான் நீளமானது.
பதினொரு வருடம். எலியேசரை ஒருமுறைகூட
நான் கீழே விட்டுவந்ததில்லை.

உனக்கு வந்த குழாய்க்கு நிறமே இல்லை,
சேமியா கனம்.
மூக்கில் நுழைந்து வயிற்றுக்கு.
கன்னத்துப் பிளாஸ்திரியில் யாரோ ஒரு நர்ஸ்
பேனாவால் மீன் வரைந்திருந்தாள்.
முப்பதாவது வாரத்தில் வந்துவிட்டாய்.
புவேர்த்தோ மோன்ட்டில் அன்றைக்கு மழை.
முந்தைய நாளும் மழைதான்.

சிரிஞ்சை உயரப் பிடித்தால் பால் தானாக இறங்கும்.
என் பால்தான், ஆனால் உன் நாக்குக்கு அது தெரியாது.
பஞ்சில் நனைத்து உதட்டில் வைப்பேன்.
மூன்றாம் வாரம் ஒருநாள் உன் நாக்கு வெளியே வந்து,
கதவைத் திறந்து மழையைப் பார்ப்பவர்போலப்
பார்த்துவிட்டு
உள்ளே போனது.

உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும்,
இடையில் மூச்சும் விட வேண்டும் என்றாள் மரிசெல்.
மூன்றுக்கும் ஒரே வாசல்.
மூன்றும் இன்னும் ஒன்றையொன்று அறியாதவை.

ஒருக்களித்து உன்னை மடியில் கிடத்தினேன்.
புட்டிக் காம்பைப் பிடித்தாய்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து
மூச்சை மறந்துவிட்டாய்.
திரையில் தொண்ணூற்றாறு எழுபத்தொன்றானது.
உன் உதடு மட்டிச் சிப்பியின் உட்புற நீலம்.
மணி அலற, மரிசெல் உன்னை நிமிர்த்தி முதுகை வருடினாள்.
நான் அழவில்லை.
என் கை மட்டும் காற்றில் எதையோ
இரண்டு இரண்டு தரமாக இழுத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு திரையைப் பார்ப்பதைக் குறைத்தேன்.
மேலே இருந்துகொண்டே
அடியில் நடப்பதைப் படித்தவள் நான்.
உன் புருவம் சுளித்தால்: நில்.
விரல் ஐந்தும் விரிந்தால்: எடு.
கடைவாயில் பால் வழிந்தால்
நான் தாமதித்துவிட்டேன் என்று பொருள்.
மூன்று மடக்குக்கு ஒருமுறை புட்டியைத் தாழ்த்துவேன்,
நீ மூச்சுக்குப் போய்த் திரும்பும்வரை.

நான்கு மில்லி.
ஏழு.
மறுநாள் இரண்டு, அப்படியே தூங்கிப்போனாய்.
சனிக்கிழமை பதினெட்டு. மீதி குழாயில்.

எலியேசர் இப்போது கடலில் இறங்குவதில்லை,
சால்மன் ஆலையில் பெட்டி அடுக்குகிறான்.
தன் குழாயை வேறு கையில் கொடுக்க மனமில்லையாம்.
தினமும் போனில் ஆழம் கேட்பதுபோல் கேட்பான்: எத்தனை?
பதினெட்டு, என்றேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு சொன்னான்:
அந்த ஆழத்தில் நல்ல சிப்பி கிடைக்கும்.

மெல்லத்தான் தூக்க வேண்டும், எங்களுக்குத் தெரியும்.
அவசரப்பட்டால் இரத்தத்தில் நுரை கட்டும்.
குழாயை எப்போது எடுப்பீர்கள் என்று
மரிசெல்லை நான் இதுவரை கேட்டதில்லை.

நேற்றிரவு, தூக்கத்தில்,
உன் விரல் அந்தக் குழாயில் மாட்டி
ஒருமுறை இழுத்தது.
நின்றேன்.
சற்றுப் பொறுத்து,
இன்னொரு முறை.