மட்டம்

சான்றிதழில் பெயர் அச்சடிப்பவள் நான்.
ருஸ்தாவி தொழிற்கல்லூரி, இரண்டாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் உருக்காலைப் புகைபோக்கி.
இந்த வருடம் சிறப்புத் தேர்ச்சி பதினொரு பேர்.
தங்கத்தாள் பத்துக்குத்தான் வந்தது.
மீதி ஒன்றை மஞ்சள் மையில் ஒப்பேற்றினேன்.
மேடை வெளிச்சத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?

விழா மூன்று மணிக்கு.
துணை மேயர் நாலேகாலுக்கு வந்து
நாட்டின் எதிர்காலம் குறித்து
ஐந்து வரை பேசினார்.
கடைசி வரிசையில் பச்சானாவின் அப்பா
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்,
தோலைக் கோட்டுப் பைக்குள்ளேயே போட்டபடி.

பச்சானா வெல்டர்.
அவன் பற்றவைத்த குழாயை
எலும்பை எடுப்பதுபோல் எக்ஸ்ரே எடுத்தார்கள்.
ஒரு குமிழ் இல்லை. ஒரு கீறல் இல்லை.
வேறு குழாயின் படமோ என்று
தேர்வாளர் எண்ணைச் சரிபார்த்தாராம்.
மறுபடி எடுக்கச் சொன்னாராம்.
மறுபடியும் இல்லை.
அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக்
கூடத்தில் மாட்டியிருக்கிறாள் அவன் அம்மா.
வருகிறவர்கள் எல்லாம்
யாருக்கு என்ன உடம்பு என்று கேட்கிறார்கள்.

இர்மா பல் செய்பவள்.
எழுபது வருடம் புகைத்த ஒருவருக்கு
வெள்ளைப் பல் செய்யவில்லை அவள்;
மிச்சமிருக்கும் நான்கோடு சண்டை வராத
ஒரு பழுப்பைத் தேடிப் பதினேழு முறை குழைத்தாள்.
மஞ்சள் மை சான்றிதழ்
அவள் கைக்கா போக வேண்டும்?
வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்த்தாள்.
கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து
வாய் திறக்காமல் சிரித்தாள்.

பிறகு, தேயோனா லோம்தாட்ஸே.
மூன்று முறை கூப்பிட்டார்கள்.
கைதட்டத் தயாராக இருந்த கைகள்
மடியில் இறங்கின.

லிஃப்ட் பிரிவில் சேர்ந்த ஒரே பெண்.
பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் போகிற இடம்,
மட்டமான படிப்பு என்றாளாம் அத்தை.
அத்தை குடியிருப்பது பதினோராம் மாடி.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம்.
ஆரஞ்சு உடுப்பில், தலையில் சிலந்தி வலையோடு வந்தாள்.
பதினெட்டாம் பிளாக்கில்
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
ஓர் ஆளும் ஒரு குளிர்பெட்டியும்
மாட்டிக்கொண்டார்களாம்.
"ஆளை இறக்க ஐந்து நிமிடம்.
குளிர்பெட்டிக்குத்தான் இரண்டு மணி நேரம்.
அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார்."

பதிவேட்டில் கையெழுத்திட்டாள்.
பக்கத்தில் கட்டைவிரலின் கறுப்பு கிரீஸ்,
ரேகை ரேகையாய்.
துடைக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.
சான்றிதழை அவள் தொடவில்லை.
நானே உறையிலிட்டு
அவள் கருவிப் பைக்குள் செருகினேன்,
ஸ்பேனருக்கும் பாதி தின்ற ரொட்டிக்கும் நடுவில்.

எங்கள் கட்டட லிஃப்ட்
சாண் ஏறினால் முழம் சறுக்கும் ரகம்.
பத்து தெத்ரி நாணயம் போட்டால்தான் நகரும்.
நகர்ந்தாலும், ஒன்பதாம் மாடிக்கு
ஒரு சாண் கீழே நின்றுவிடும்.
பதினொரு வருடம்
காய்கறிப் பையை முதலில் தூக்கி வைத்து
அப்புறம் நாங்கள் ஏறினோம்.

பிப்ரவரியில் பயிற்சிக்கு வந்தவள் தேயோனா.
மூன்று நாள் கூண்டுக்கு மேலே கிடந்தாள்.
நான்காம் நாள் வாசலில்
ரசமட்டத்தை வைத்துக் குந்தியிருந்தாள்.
பச்சானாவுக்குக் குமிழ் இருக்கக் கூடாது.
இவளுக்கு இருக்க வேண்டும்,
நட்ட நடுவில்.
அது வந்து நிற்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டாள்,
மாடிப்படியில் நின்ற நானும்.

இன்றிரவும் நாணயம் போட்டேன்.
கதவு திறந்தது.
கூண்டும் தளமும் நூல் பிடித்தாற்போல் ஒரே கோடு.
என் கால்தான் இன்னும் நம்பவில்லை.
பழக்கத்தில் ஒரு சாண் உயர்ந்து,
இல்லாத படியைத் தேடி,
தொப்பென்று தரையில் விழுகிறது.

தினமும் அந்தச் சத்தத்துக்கு
எதிர்வீட்டு நாய் குரைக்கிறது.