நாலு விரல் உயரத்தில்

வின்னிபெக்கில் ஜனவரி.
யன்னல்கள் ஒக்டோபரிலேயே வாயை மூடிவிட்டன.
இனி உள்ளே வருகிற எந்த மணமும்
வாடகை தராமல் சித்திரை வரை இருக்கும்.

கடையின் ஒன்பதாம் வரிசையில்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப்
போத்தல்களின் முதுகைப் படிக்கிறேன்.
முன்பக்கமெல்லாம் சிரிப்பு:
பைன் காடு, எலுமிச்சைக் காலை, மலைக்காற்று.
பண்டாரவளையில் இரண்டு வருடம் இருந்தவள் நான்.
மலைக்காற்று ஒருநாளும் நீலமாய் நுரைத்ததில்லை.

ஒன்றில் நாய்க்குட்டி படம்.
இன்னொன்றில் பூனை.
ஃபெரெட்டின் படம் எதிலும் இல்லை.
எண்ணூற்றுப் பத்துக் கிராம் உடம்பு,
நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்தில் மூக்கு.
நான் தரை என்று துடைப்பதைத்தான்
அது நாள் முழுக்க மூச்சாய் இழுக்கிறது.
'பாதுகாப்பானது' என்றால்
யாருடைய உயரத்தில்?

கூட வேலை செய்த ரொவீனா
தொம்சனுக்கு மாறிப் போகையில் விட்டுப்போனாள்.
இரண்டு கிழமைக்கு மட்டும் என்றாள்.
இது மூன்றாவது பனி.
தும்புத்தடியின் நிறம், தும்புத்தடியின் அவசரம்,
அதனால் தும்பு.
அக்கா தொலைபேசியில் கேட்கிறாள்:
"கீரியே வளர்க்கிறாய்? அங்கை என்ன பாம்பே?"
பாம்பில்லை அக்கா, சொக்ஸ்.
ஒற்றை ஒற்றையாய்ப் பிடித்து
குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும்.

போன வியாழன் சோபா மூலையில் மூத்திரம்.
என் பையில் வேலையிடத்துப் போத்தல்,
பதினெட்டு மாடிக்கும் இரவிரவாய் நான் ஊற்றுகிற
அதே வெளிர் மஞ்சள்.
தண்ணீர் கலக்கவில்லை. களைப்பு.
மூத்திரத்தில் பட்டதும் கண் எரிந்தது.
தும்பு தும்மியது.
சிரிக்கவேண்டிய வசனம். சிரிப்பு வரவில்லை.
திரும்பத் தும்மியது, பின்பக்கமாய் நடந்தது,
சுவரில் முட்டி நின்றது.
பல்கனிக் கதவை உதைத்துத் திறந்தேன்.
மைனஸ் இருபத்தொன்பது.
கோட்டுக்குள் அதன் இதயம்
தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.
வீடு மெல்ல மெல்ல வெளியே போவதைப்
பார்த்துக்கொண்டு நின்றோம்.

டொக்டர் ஃப்ரீசன் கேட்டாள்,
எதனால் துடைத்தாய்?
வேலையில் பாவிப்பதுதான், ஒன்பது வருடமாய், என்றேன்.
ப்ளீச் வேண்டாம், பைன் எண்ணெய் வேண்டாம்,
ஃபீனோல் என்று எழுதியிருந்தால் தொடாதே.
வினாகிரியும் தண்ணீரும் போதும்,
ஈரம் காய்ந்த பிறகு உள்ளே விடு.
எழுதிக்கொண்டே, தலை நிமிராமல்,
"உனக்கு இருமல் இருக்கிறதா?"

மிருக வைத்தியரின் மேசைக்கு
இந்தப் பக்கம் நிற்பவளிடம்.

இல்லை என்று பொய் சொன்னேன்.
திரும்புகிற பஸ்ஸில் போர்ட்டேஜ் அவெனியூ நெடுக இருமினேன்.
கூண்டின் கம்பிக்குள்ளிருந்து
ஒரு மூக்கு என் பக்கம் நீண்டது.

ஒன்பதாம் வரிசையில் கடைசியாய் எடுத்தது:
வினாகிரி நாலு லீற்றர், அப்பச்சோடா,
மணமே இல்லாத ஒரு திரவம்.
மணமில்லாததற்கு ஒரு டொலர் கூட.

வேலையிடத்துப் போத்தலை வேலையிடத்திலேயே வைத்துவிட்டேன்.
மேற்பார்வையாளனிடம் கேட்கவேண்டியதை இன்னும் கேட்கவில்லை.
'முகமூடி', 'யன்னல் திறக்கிற மாடி' என்று
அந்த வசனத்தைத் தும்புவுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.
நடுவில் நித்திரையாகிவிடுகிறது.

இன்று விடிய வந்தால் ஒரு கையுறையைக் காணோம்.
டோர்ச் அடித்துக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால்
வயிற்றில் படுத்துத் தேடுகிறேன்.
றப்பர் தின்றால் குடல் அடைக்கும்.
பதினோரு சொக்ஸ், ஒரு கரண்டி, கையுறை.
தலைகீழாய்ப் பிடித்து எண்ணுகிறேன்:
சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல்,
ஐந்தும் இருக்கின்றன.

நிலத்தில் கிடந்தபடியே,
நாலு விரல் உயரத்தில்,
மூச்சை இழுத்துப் பார்க்கிறேன்.