ஆறு மணி நேரக் காய்ச்சல்

கோரிமேட்டில் மழை விட்டு, கரண்ட் வந்து,
இன்குபேட்டர் மறுபடி முப்பத்தேழுக்கு ஏறும்வரை
மூடிமேல் கை வைத்து நின்றேன்,
பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

உள்ளே தொண்ணூற்றாறு குழிகள்.
குழிக்கு ஒரு ஆள், ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளணுக்கள்.
நாலு மணிக்கு எல்லாவற்றிலும்
ஒரே அளவு ஃப்ளூ வைரஸ் விட்டேன்.
சொட்டு பிசகவில்லை.
ஆட்கள் இந்நேரம் நெல்லித்தோப்பிலும் முத்தியால்பேட்டையிலும்
டிவி முன்னால் இட்லி பிட்டுக்கொண்டிருப்பார்கள்.
அவர்களுக்கான காய்ச்சலை
அவர்கள் ரத்தம் இங்கே தனியாகக் காய்கிறது.

படிவத்தில் நாலு கட்டம்:
அப்பாவைப் பெற்ற இருவர், அம்மாவைப் பெற்ற இருவர்,
பிறந்த ஊர்.

வீராம்பட்டினத்து அஞ்சாபுலி
நாலுக்கும் சேர்த்து ஒரே கோடு இழுத்தார்:
"நாலும் நம்ம தெருதான். கிழக்க கடலு, வேற எங்க போறது?"
துய்மா வீதி மரி-தெரேஸ்
இரண்டாவது கட்டத்தில் சைகோன் என்று எழுதி
பேனாவை மூடி, திறந்து, மூடி,
"அப்பாவோட அப்பா சொல்தா.
போகும்போது ஒத்த ஆளு, வரும்போது ரெண்டு" என்றாள்.
முல்லா வீதி ஜெய்புன்னிசா
ஒரு கட்டத்தில் ஊருக்குப் பதில்
கப்பல் என்று மட்டும் எழுதினாள்.

சிலர், ஊரைக் கேட்டால் சாதியைச் சொன்னார்கள்.
சிலர், ஊரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுமென்று
மடித்த சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு
எழுந்து போனார்கள்.
அந்தக் கட்டம் எங்கள் படிவத்தில் இல்லை.
இருக்கவேண்டியதும் இல்லை.
யார் யாரைக் கட்டலாம் என்று போட்ட வேலி
அறுபது எழுபது தலைமுறையாய் நின்ற நின்ற இடத்தில்
அணுவுக்குள்ளும் வேர்விட்டுவிட்டது.
கணினியில் பார்த்தால் புள்ளிகள்
தெருத்தெருவாய்த்தான் உட்கார்ந்திருக்கும்.

பத்து மணிக்கு எடுத்து உறையவைத்தேன்.
விடை வர மூன்று வாரம்.

அதே வைரஸ். அதே சொட்டு. அதே சூடு.
அஞ்சாபுலியின் ரத்தம்
தெருவே விழிக்கும்படி இன்டர்ஃபெரானை இறைத்திருந்தது.
மரி-தெரேஸின் ரத்தம் மெதுவாக எழுந்து
யார் என்று கேட்டிருந்தது, அவ்வளவே.
எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள்.
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து
வீட்டைக் கொளுத்திய ரத்தமும் உண்டு.
எந்தக் காலத்திலோ, எந்தக் கரையிலோ,
பெயர் வைக்க ஆளில்லாத ஒரு காய்ச்சலில்
பாதி ஊர் போய் மீதி ஊர் எழுந்தது.
எழுந்தவர்கள் போட்ட உத்தரவு
இன்னும் ரத்தாகவில்லை.

என்று எழுதி முடித்துவிடலாம்.
ஆனால் அஞ்சாபுலியின் தம்பி,
அதே தாய் தகப்பன், அதே நாலு கட்டம்,
அவன் குழி ஊமை.
புள்ளிகள் கூடி ஒரு தெருவாகும்.
தெருவைக் கேட்டு
ஒரு ஆளைச் சொல்லமுடியாது.

பதினேழாம் எண் நான்.
ஆள் குறைந்தது, நானே கை நீட்டினேன்.
பெரியாஸ்பத்திரி பெஞ்சில்
ஒரு துண்டோடு கிடந்தவளுக்கு
நாலு கட்டமும் கோடுதான்.
இருந்தும் கணினி எனக்கொரு இடம் போட்டிருந்தது:
இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, வெறும் வெள்ளையில்,
தனியாக ஒரு புள்ளி.
வேலி ஏறிக் குதித்த யாரோ இருவர்.
அந்தப் பக்கத்தை நான் அச்செடுக்கவில்லை.

போன வாரம் எனக்கே நிஜக் காய்ச்சல்.
அறையில் தனியாக, முப்பத்தெட்டரை.
என் கைதான் என் நெற்றியில்.
உள்ளே அந்த இருவர்,
என்னைப் பெஞ்சில் விட்டுப் போனவர்கள்,
விடியும்வரை கண் மூடவில்லை.