மூன்று விரல்

அப்பாவின் கடையில் ஒரு லாச்சி.
மேலே புளி ரொபி, கீழே
விழாத லொத்தர் துண்டுகள்,
அதற்கும் கீழே மாவா:
சீவல், சுண்ணாம்பு, இடித்த புகையிலை,
பொலித்தீனில் சுண்டுவிரல் மொத்தத்தில்
முடிச்சு முடிச்சாய்.
மல்லாவியில் எல்லாருக்கும் தெரியும்.
பொலிசுக்கும் தெரியும்.
அவர்கள் வரும் கிழமை எங்களுக்குத் தெரியும்.

ரியூசன் விட்டால் சைக்கிள்கள்
செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வரும்.
சாருஜனுக்கு முன்னால் அவனுடைய விசில் வரும்.
விரல் வைக்காமல், உதட்டை மட்டும் குவித்து.
வவுனிக்குளத்துக் கட்டில் நின்று அடித்தால்
அக்கரை மாடு திரும்பிப் பார்க்கும் என்பான்.
பொய்.
ஆனால் எங்கள் நாய் எழும்பும்.

"சிகரெட் எண்டால் மணக்கும், அம்மா பிடிச்சிடுவா.
இது பாக்குத்தானே."
ஒன்பதாம் ஆண்டில் சொன்னான்.
கடன் கொப்பியில் நான் எழுதினேன்: சாரு 1.
பிறகு சாரு 2. சாரு 4.
ஓ.எல் சோதனைக்கு முதல் கிழமை
நித்திரை வராமல் படிக்கலாமாம்,
சாரு 7.
என்னுடைய எழுத்து வடிவானது.
ஏழுகூட வடிவாய்த்தான் இருக்கிறது.

அம்மா கறிக்கு உறைப்பு அள்ளிப் போடுகிறா என்றான்.
அம்மா குறைத்தா.
பிறகும் எரிந்தது.
பிறகு தயிரும் சோறும்.
விசில் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.
பெடியங்களுக்குக் குரல் உடைவதுபோல
அதுவும் ஒருநாள் உடையுமாக்கும்
என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பல் டொக்டர் வந்தா.
"மூண்டு விரலை ஒண்டுக்குமேல ஒண்டாய் அடுக்கி
வாய்க்குள்ள வையுங்கோ."
வரிசை முழுக்கச் சிரிப்பு, எச்சில், இருமல்.
சாருஜனுக்கு இரண்டு போனது.
மூன்றாவதின் நகம் பல்லில் தட்டி நின்றது.
விளையாட்டு என்று நினைத்து அவனும் சிரித்தான்,
முடிந்த அளவுக்கு.

அவ சிரிக்கவில்லை.
கையுறை விரலைக் கன்னத்துக்குள் விட்டுத் தடவி
"கயிறு மாதிரி ஓடுது" என்றா.
"இது திரும்ப இளகாது தம்பி.
இண்டைக்கே விட்டால் இந்த அளவில நிக்கலாம்.
விடாட்டி"
அடுத்த சொல்லைத் தணித்துச் சொன்னா.
அடுத்ததாய் நின்றது நான்.

புற்று.
எங்களுக்குத் தெரியாத சொல்லா?
வீட்டுத்திட்டத்தில் கட்டி, ஆட்கள் வராமல்
பூட்டிக் கிடக்கும் வீடுகளில்
நிலையைத் தின்று, கூரைமரத்தைத் தின்று
உள்ளுக்குள்ளே எழும்பும்.
வெளியே பெயின்ற் அப்படியே இருக்கும்,
கதவு திறக்கிற அன்றுதான் தெரியும்.

"இனி வைக்க வேண்டாம் அப்பா."
"என்னட்ட இல்லாட்டித் துணுக்காய் றோட்டில வாங்குவாங்கள்.
உன்ர ரியூசன் காசு எங்கயிருந்து வருது?"
லாச்சியிலிருந்துதான்.
அது எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தேன்.

அன்றிரவு நுளம்பு வலைக்குள்
என் மூன்று விரலையும் வைத்துப் பார்த்தேன்.
பக்கத்தில் தம்பி பவித்திரன், பத்து வயது,
வாயைத் திறந்தபடி நித்திரை.
ஞாயிறுகளில் கடையில் இருப்பது அவன்தான்.
எழுப்பாமல் அளந்தேன்.
மூன்று.

அடுத்த நாள் நாற்பது முடிச்சைக்
கக்கூஸ் குழிக்குள் கொட்டினேன்.
எலி இழுத்திருக்கும் என்றார் அப்பா.
எலி அதைத் தொடாது என்று அவருக்குத் தெரியும்.
புதுச் சரக்கு வெள்ளிக்கிழமை வந்தது.

சனி பின்னேரம் சைக்கிள் நின்றது.
நாய் எழும்பவில்லை.
சேட்டுப் பொக்கற்றுக்குள் வவுனியாவுக்குக் கொடுத்த துண்டு,
நாலாய் மடித்து, வியர்வையில் ஊறி,
இன்னும் அங்கேயே.
லாச்சியைப் பார்த்தான்.
"முடிஞ்சுது" என்றேன்.
என் முழங்கால் லாச்சியை அழுத்திக்கொண்டிருந்தது.

றோட்டைப் பார்த்தான், துணுக்காய்ப் பக்கம்.
கொஞ்ச நேரம் நின்றான்.
"சரி, ஒரு ஒறேஞ் சோடா தா."
உடைத்துக் கொடுத்தேன்.
அண்ணாந்தான்.
உதடு போத்தலைச் சுற்றிக் குவியவில்லை.
வழிந்து, வெள்ளைச் சேட்டில்
செம்மஞ்சளாய் இறங்கியது.

புறங்கையால் துடைத்துவிட்டு
என்னைப் பார்க்காமல் கேட்டான்:
"ஸ்ரோ இருக்கோ?"